ஆறு இழை

சுவர்க் கடிகாரம் வேண்டாம் என்றேன்.
மாறுதலாகிப் போன மூன்று பேருக்கும் அதைத்தான் கொடுத்தோம்.
ரெஜினா மேடத்துக்கு நம் பாசன வரைபடத்தைத்
தைத்துத் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.
நீடாமங்கலம் பிரிவு அலுவலகத்தில்
தட்டச்சு நான், தையலும் நான்.

மன்னார்குடி கடையில் நீலம் மட்டும் பதினெட்டு.
பையன் ஒவ்வொன்றாய்க் கண்ணாடி மேல் பரப்பினான்.
"எதுக்குக்கா?"
"ஆத்துக்கு."
ஒன்றும் பேசாமல் அத்தனை நீலத்தையும் உள்ளே வைத்தான்.
வேறு டப்பாவிலிருந்து
ஆறிப்போன டீயின் நிறத்தில் ஒரு கண்டு எடுத்தான்.
ட்யூப்லைட் பொய் சொல்லும்.
வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன்.
புதுத் தண்ணீர், முதல் நாள், நுரையோடு வருகிற அதே நிறம்.
எட்டு மீட்டர். ஒரே கண்டுதான் இருந்தது.
போதும் என்றேன்.
வரைபடத்தில் எல்லாம் போதுமானதாகத்தான் தெரியும்.

காடாத் துணியை நனைத்துக் காயவைத்தேன்,
சுருங்குவது முதலிலேயே சுருங்கட்டும் என்று.
ரெகுலேட்டர்களுக்குச் சிவப்பு.
சிவப்பை நம்பக் கூடாது: உப்பு வெந்நீரில் ஊறவைத்து
வெள்ளைக் கைக்குட்டையில் ஒற்றினேன்.
மூன்றாம் தண்ணீரிலும் விட்டது.

கல்லணைக்குக் கீழே வெண்ணாறு, ஆறு இழையும் ஊசியில்.
காவிரியை வேறு யாராவது தைத்துக்கொள்ளட்டும்.
காம்புத் தையல்.
ஊசி முன்னே போய்ப் பாதி வழி பின்னே வந்து எழும்.
நூல் எப்போதும் ஒரே கரையில் கிடக்க வேண்டும்;
கரை மாறினால் முறுக்குக் கெடும்.
முழங்கைக்கு மேல் நீளம் வெட்டினால் பாதியிலேயே பஞ்சாகும்.

தென்பெரம்பூரில் மூன்று இழை வெட்டாற்றுக்கு.
மூன்று வெண்ணாற்றுக்கே.
ஒவ்வொன்றாய் உருவ வேண்டும்,
இரண்டைச் சேர்த்து இழுத்தால் சிக்கும்.
மூணாறு தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்கும்
கரைக்காவலர் பக்கிரிசாமியிடம் இதைச் சொன்னேன்.
"இத நூலுல வேற செய்யணுமாக்கும்" என்றார்.
அங்கே வெண்ணாற்றுக்கு ஒன்று,
பாமணிக்கு ஒன்று,
கோரையாற்றுக்கு ஒன்று.
ஒற்றை இழை. ஊசிக்கண்ணில் இருப்பதே தெரியாது.

ஊர்கள் எல்லாம் முடிச்சு.
ஊசியில் இரண்டு சுற்று; மன்னார்குடிக்கு மூன்று,
அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.
எங்கள் ஊருக்கு ஒரே சுற்று.
அதை முதலிலேயே போட்டுவிட்டேன், ஆசையில்.

முத்துப்பேட்டைக்கு நாலு விரல் மேலே
நூல் தீர்ந்தது.
அந்த நாலு விரலுக்குள்தான் எங்கள் ஊர்.

மறுபடி கடைக்குப் போனேன்.
எண் அதேதான், சாயத்தொட்டி வேறு.
வெயிலில் ஒரு பிடி செம்மண் கூடுதலாய்த் தெரிந்தது.
"யாருக்குக்கா தெரியப் போவுது?"

பதினோரு வருடமாய் நான் அடிக்கிற வாக்கியம்:
தண்ணீர் கடைமடை வரை சென்று சேர்ந்தது.
சேர்ந்த வருடமும் அதுதான்.
சேராத வருடமும் அதே எழுத்து, அதே முற்றுப்புள்ளி.
அண்ணன் போனில் கேட்பான்,
"எந்தக் கடைமடைம்மா?"

கண்டை வாங்காமல் பஸ் ஏறினேன்.

மேடம் பிரித்ததும் துணியைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார்.
தைக்கத் தெரிந்தவர்.
திருப்பி வைத்துக் கல்லணையிலிருந்து
விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.
கோரையாற்றில் விரல் நின்றது.
அதற்குக் கீழே பென்சில் கோடு,
கோட்டின் ஓரத்தில் ஒற்றை முடிச்சு, காய்ந்து.

"இங்க?"
"நூல் வரல மேடம்."

கடைசி மூன்று வருட அறிக்கையில்
என் வாக்கியத்துக்குக் கீழே இருப்பது
அவர் கையெழுத்து.

டீ வந்தது. யாரோ மிக்சர் பொட்டலம் பிரித்தார்கள்.
துணியை நாலாய் மடித்தார்,
மடிப்பு அந்த இடத்தில் விழாதபடி.

"துவைச்சிடாதீங்க மேடம்" என்றேன்.
"சிவப்பு சாயம் விடும்.
பென்சில் கோடும் போயிடும்."